ஐந்து ஸ்கேன், ஒரு ரத்தப் பரிசோதனைகூட இல்லை

போன வாரம் வந்தவருக்கு வயது 54. துணிக்கடைப் பை ஒன்றைப் பிரித்து மேசைமீது கொட்டினார். ஐந்து வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறிக்கைகள். எட்டு மாதமாக வலியும் பேதியும். எல்லாச் சீட்டிலும் ‘ஐ.பி.எஸ்.’, அதாவது எரிச்சல் குடல் நோய் என்று எழுதியிருந்தது. இரவில் தூக்கம் கலைந்து எழுந்து போகிறீர்களா என்று கேட்டேன். “தினமும் இரண்டு மணிக்கு, டாக்டர். யாரும் கேட்கவில்லையே!” கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளிறிக் கிடந்தது. ஹீமோகுளோபின் 7.9, கடுமையான ரத்தசோகை. பெருங்குடலின் தொடக்கத்தில் கட்டி.

இந்த ஆண்டில் இது மூன்றாவது.

“ஸ்கேன் நார்மல், அதனால் குடலில் ஒன்றுமில்லை” என்ற நம்பிக்கையை எப்படித்தான் ஒழிப்பது? கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் பார்க்க அது அருமையான கருவி. குடலிலோ காற்று நிறைந்திருக்கிறது; ஒலி அலை காற்றைத் தாண்டாது. தடித்துப்போன குடல் சில நேரம் கண்ணில் படலாம். படாவிட்டால் நோய் இல்லை என்று பொருளல்ல. ஐந்து முறை எடுத்தாலும் அதே கதைதான்.

எரிச்சல் குடல் நோய் பொய்யல்ல. இருபத்தைந்து வயதுக்காரருக்கு, எடை குறையாமல், ரத்தம் போகாமல், மலம் கழிப்பதோடு சேர்ந்து வலி வந்துபோனால், பெரும்பாலும் அதுவே. எல்லாருக்கும் கொலனோஸ்கோப்பி (குழாய்க் கேமராவால் பெருங்குடலுக்குள் பார்ப்பது) வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முத்திரை குத்தும் முன் ரத்த அணுக்கள், சி.ஆர்.பி. (உடலில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), சீலியாக் (கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத குடல் நோய்), பேதி என்றால் தைராய்டு, மலத்தில் கால்புரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். கோதுமையை நிறுத்திவிட்டு சீலியாக் பரிசோதனைக்கு வராதீர்கள், முடிவு ஏமாற்றிவிடும். நம் ஊரில் குடல் காசநோயையும் மறக்கக் கூடாது. மாலைக் காய்ச்சலும் எடை இழப்பும் இருந்தால் சொல்லுங்கள்.

மாத்திரைகளை அட்டையோடு கொண்டுவாருங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடும் ஓர் அம்மாவின் இரண்டு வருடப் பேதி, மாத்திரையை மாற்றியதும் பத்தே நாளில் நின்றது. (அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.)

ஐம்பதுக்கு மேல் மலப்பழக்கம் புதிதாக மாறினால் மருந்துக்கடையில் பேதி மாத்திரை வாங்கி நாளைக் கடத்தாதீர்கள். ரத்தம் போனால் “மூலம்தான்” என்று நீங்களே தீர்ப்பெழுதவும் வேண்டாம். மலத்தைப் பற்றிப் பேசக் கூச்சமா? நாங்கள் காலை முதல் இரவு வரை கேட்பதே அதைத்தான். தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.