ஜாஸ் ஃபியூஷனைக் ‘கலப்பிசை’ ஆக்கியவர்கள்

ஜாஸும் ராக்கும் ஒன்றாகிப் பிறந்த ஜாஸ் ஃபியூஷன் என்ற இசைவகையை ‘ஜாஸ் கலப்பிசை’ என்று எழுதும் வழக்கம் பெருகிவிட்டது. முதலில் கண்ணில் பட்டபோது யாரோ அவசரத்தில் எழுதியது என்று கடந்துபோனேன். பிறகு ‘விசைப்பலகையாளர் ஒருவரின் தனியிசை, ஜாஸ் கலப்பிசைத் தொகுப்பு, விருந்தினராகச் சாக்சபோன் கலைஞர்’ என்ற பாணியில் வரும் ஆல்பம் அறிமுகங்களில் அதே சொல், கலைஞர்களின் நேர்காணல்களில் அதே சொல். இப்போது ‘ஃபியூஷன் என்பதற்குச் சரியான தமிழ் கலப்பிசையே’ என்று தீர்ப்பே எழுதுகிறார்கள். தமிழ் என்பது உண்மை. சரி என்பதுதான் பொய்.

சொல்லின் பிறப்பை நீட்ட வேண்டியதில்லை. லத்தீனில் ‘ஃபுன்டெரே’ என்றால் ஊற்றுவது, வார்ப்பது, உருக்குவது. அதிலிருந்து ‘ஃபூசியோ’, அதிலிருந்து ஆங்கிலத்தின் ஃபியூஷன். உலோகம் வார்க்கும் ஃபவுண்டரிக்கும் வேர் இதுதான். மின்னோட்டம் மிகுந்தால் உருகி அறுந்துபோகும் ஃப்யூஸும் இதே குடும்பம். அதற்கு நம் பாடநூல்கள் ‘மின் உருகி’ என்று பெயர் வைத்தன. வேரையும் வேலையையும் ஒரே சொல்லில் பிடித்த பெயர் அது. ஆக, மூலச்சொல்லில் உருகுவது இருக்கிறது, உருகியது ஒன்றாவதும் இருக்கிறது. ஒன்றில் இன்னொன்றைக் கலப்பது இல்லை.

இசையில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது 1970களில். அதற்கு முன் ‘ஜாஸ்-ராக்’ என்றே சொன்னார்கள். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1969இல் வெளியிட்ட ‘இன் எ சைலன்ட் வே’ ஆல்பத்தில் ஹெர்பி ஹான்காக், சிக் கொரியா, ஜோ ஸாவினுல் என்று மூன்று கீபோர்டு கலைஞர்கள் ஒன்றாக வாசித்தார்கள். பின்னர் மூவரும் தனித்தனியே கிளம்பினார்கள். ஸாவினுல் ‘வெதர் ரிப்போர்ட்’ குழுவை வெய்ன் ஷார்ட்டருடன் சேர்ந்து தொடங்கினார். கொரியா ‘ரிட்டர்ன் டு ஃபாரெவர்’ குழுவை உண்டாக்கினார். ஹான்காக் 1973இல் ‘ஹெட் ஹன்டர்ஸ்’ ஆல்பத்தை வெளியிட்டார். எனவே கீபோர்டு கலைஞர் ஒருவர் இன்று ஜாஸ் ஃபியூஷன் ஆல்பம் போடுகிறார் என்றால் அவர் அந்த வகைக்கு விருந்தாளி அல்லர், வீட்டுக்காரர்.

அந்த இசையில் நடந்தது என்ன? ஜாஸின் ஊசலாடும் தாள நடை போய், ராக்கிலும் ஃபங்கிலும் இருந்த சமமான அடி வந்தது. மின்பியானோவும் சிந்தசைஸரும் மின்கிதாரும் வந்தன. ஸ்வரக்கோவைகளின் நுட்பமும், வாசிக்கும் கணத்திலேயே கற்பனை செய்து வாசிப்பதும் ஜாஸிலிருந்து அப்படியே தொடர்ந்தன. கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளினின் ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’வில் யான் ஹாம்மர் சிந்தசைஸரின் சுருதிச் சக்கரத்தைத் திருப்பி ஸ்வரங்களை வளைத்தபோது, ஒலிப்பது கிதாரா கீபோர்டா என்று கேட்பவர் தடுமாறினார். இதில் எந்தப் பங்கு ஜாஸ், எந்தப் பங்கு ராக் என்று பிரித்துக் காட்ட முடியாது. முடியாது என்பதால்தான் இரட்டைப் பெயரைவிட ஒற்றைச் சொல் இதற்குப் பொருந்துகிறது.

இப்போது கலப்பிசைக்கு வருகிறேன். தமிழில் ‘கல’ என்ற வினை பெரும்பாலும் எப்படி வருகிறது என்று பாருங்கள். பாலில் தண்ணீர் கலந்தது. இங்கே பால் அசல், தண்ணீர் வந்து சேர்ந்தது. ஒன்று இடம், மற்றொன்று ஊடுருவல். இப்படிப் பழகிய காதுக்கு ‘ஜாஸ் கலப்பிசை’ என்றால் தூய ஜாஸ் ஒன்று இருந்தது, அதில் எதையோ கலந்துவிட்டார்கள் என்றுதான் கேட்கும். 1970களில் ஃபியூஷனை எதிர்த்த ஜாஸ் பழமைவாதிகளின் குற்றச்சாட்டும் அட்சரம் பிசகாமல் இதுதான்: ராக்கின் இரைச்சலையும் சந்தைக் கணக்கையும் கொண்டுவந்து ஜாஸைக் கெடுத்துவிட்டார்கள் என்றார்கள். அந்த வழக்கில் கலைஞர்களின் பக்கம் நிற்கும் சொல் ஃபியூஷன். நம் மொழிபெயர்ப்பாளர்கள், விவரம் தெரியாமலே, எதிர்த்தரப்பின் சொல்லை எடுத்துக் கலைஞரின் நெற்றியில் ஒட்டிவிட்டார்கள். தம் ஆல்பத்தைக் கொண்டாடி எழுதிய குறிப்பிலேயே தம்மைக் கலப்படக்காரர் என்று சொல்லியிருப்பது பாவம் அந்தக் கீபோர்டு கலைஞருக்குத் தெரியாது.

உடனே குறுந்தொகையை எடுத்துக்கொண்டு வருவார்கள். “செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே” என்ற வரியைவிடக் கலத்தலுக்குப் பெருமை வேண்டுமா என்பார்கள். வேண்டாம். அந்த வரிக்கு முன் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் அங்கே இருப்பது ‘கலந்தன’ என்ற வினை, இரண்டு நெஞ்சங்களும் எழுவாயாக நிற்கும் வினை. எது எதில் கலந்தது என்ற பேச்சே இல்லை, தாமே கலந்தன. ‘கலப்பு’ என்ற பெயர்ச்சொல்லுக்கு இன்று அந்த உறவுகள் இல்லை. அதன் அக்கம்பக்கத்தில் கலப்படமும் கலப்பினமும் குடியிருக்கின்றன. பள்ளிக் கணக்கில் ‘கலப்புப் பின்னம்’ வேறு: முழு எண் ஒரு பக்கம், பின்னம் மறுபக்கம், இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதற்குத்தான் அங்கே கலப்பு என்று பெயர். சங்கப் பாட்டில் ஒரு வினைக்கு இருந்த மானத்தை, அதன் பேரன் முறையான இன்றைய பெயர்ச்சொல்லுக்கு வாரிசுரிமையாக எழுதிக் கொடுக்க முடியாது.

‘கலவை இசை’ என்று திருத்திக்கொண்டவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். ஒலிப்பதிவில் ஒவ்வொரு கருவியின் அளவையும் சரிசெய்து ஒன்றாக்கும் வேலைக்கு ‘ஒலிக்கலவை’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ‘கலவை இசையின் ஒலிக்கலவை’ என்று ஆல்பம் அட்டையில் அச்சிடப் போகிறீர்களா? போதாக்குறைக்கு, வேதியியல் பாடத்தில் கலவை என்பது கூறுகள் தத்தம் இயல்பை இழக்காமல் இருப்பது, இயற்பியல் முறைகளால் பிரித்துவிடக்கூடியது. இயல்பு மாறி ஒன்றாவதற்கு ‘சேர்மம்’ என்று தனிச்சொல். பத்து வயதில் படித்த வேறுபாட்டை மொழிபெயர்க்கும்போது மட்டும் மறந்துவிடுகிறோம். உலோகக்கலவை என்கிறோமே, அதையும் உருக்கித்தானே செய்கிறார்கள் என்று ஒருவர் கேட்கலாம். அங்கே ‘உலோகம்’ முன்னால் நின்று பொருளைக் காப்பாற்றுகிறது. அடைமொழியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மணலும் சிமென்டும்.

சரி, உருக்கு என்றே வைத்துக்கொள்ளலாமே, வேர்ப்பொருளும் பொருந்துகிறதே? ‘உருக்கிசை’ என்று சொல்லிப் பாருங்கள். கேட்டால் கண்ணீர் வர வேண்டும் என்று தோன்றும். ஃபங்க் அடியில் துள்ளும் இசைக்கு உருக்கம் எங்கே பொருந்துகிறது? வேர் சரி என்பதற்காகச் சொல் சரியாகிவிடாது. வேர்ச்சொல் ஆராய்ச்சியே மொழிபெயர்ப்பு என்று நினைப்பவர்கள் இதை எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

அடுத்து ‘இணைவிசை’. இதை முன்மொழிந்தவர் பாதி வழி சரியாக வந்திருக்கிறார். அணுக்கரு ஃபியூஷனை நம் பாடநூல்கள் ‘அணுக்கரு இணைவு’ என்று எழுதிப் பல காலம் ஆகிறது. ஹைட்ரஜன் கருக்கள் சேர்ந்து ஹீலியம் ஆகின்றன. சேர்ந்தபின் ஹைட்ரஜன் இல்லை, மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. நமக்கு வேண்டிய பொருள் இதுதான். இந்த மனிதர் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் வாலில் ‘இசை’யைக் கட்டினார். இணைவு, இசை இரண்டும் புணர்ந்து இணைவிசை ஆயிற்று; படிப்பவர் அதை இணை, விசை என்று பிரிக்கிறார். பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘இணைவிசைகள்’ என்றால் ஒன்றுக்கொன்று இணையாகச் செயல்படும் விசைகள். எவ்வளவு தூரம் நீட்டினாலும் சந்திக்காதவை! ஒன்றாகிவிட்டதைச் சொல்லப் புறப்பட்டு ஒருபோதும் ஒன்றாகாததைச் சொல்லி முடித்த சொல் இது.

இங்கேதான் கலைச்சொல் செய்வோரின் பழக்கம் ஒன்றைப் பிடித்துத் திட்ட வேண்டியிருக்கிறது. எந்த இசைவகை வந்தாலும் பின்னால் ‘இசை’ ஒட்டாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. மெல்லிசை, துள்ளிசை, சொல்லிசை என்று அது பல இடங்களில் நன்றாகவே அமைந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஜாஸ் என்பதே இசைதான். ஜாஸ் என்று முன்னால் சொன்னபிறகு இசை என்று பின்னாலும் சொல்ல என்ன அவசியம்? ‘ஜாஸ் இணைவு’ என்று எழுதினால் பொருள் முழுமையாக வந்துவிடுகிறது. வேற்றுமை உருபுக்கும் இடைஞ்சல் இல்லை: இணைவுக் குழு, இணைவுக் காலம், ஜாஸ் இணைவில் கீபோர்டின் இடம். என் சொல் அதுதான். அதுவும் பிடிக்காதவர்கள் ஃபியூஷன் என்றே தமிழில் எழுதட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. தவறாக வழிகாட்டும் தமிழ்ச் சொல்லைவிட, ஒன்றும் சொல்லாமல் கைகாட்டிவிடும் கடன்சொல் எவ்வளவோ மேல். ‘ஜ’வே வேண்டாம், ‘சாசு’ என்று எழுது என்பவர்களோடு எனக்கு இன்று பேச நேரமில்லை.

கலப்பிசை இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழ்க் காதுக்கு ஃபியூஷன் என்றால் கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் ஒரே மேடையில் வருவது. மெக்லாஃப்ளின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் சேர்ந்த ‘சக்தி’ குழு அந்தப் பொருளுக்கு உரம் போட்டது. ஆனால் அந்தக் குழுவில் அன்று கீபோர்டே கிடையாது. இந்த மேடை ஃபியூஷனுக்கும் ஜாஸ் ஃபியூஷனுக்கும் ஒரே பெயர், வம்சம் மட்டும் வேறு. ‘ஜாஸ் கலப்பிசை’ என்று படித்துவிட்டு மிருதங்கம் எப்போது வரும் என்று காத்திருக்கும் வாசகரைக் குறைசொல்ல முடியுமா?

வகையின் பெயர் வேறு, தரத்துக்கான சான்றிதழ் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்று சொந்தமாக ஆல்பம் செய்யும் கீபோர்டு கலைஞர்களில் பலர் அடித்தளத்தை வீட்டிலேயே பதிவு செய்து, கோப்பை அனுப்பிவைக்கிறார்கள். வெளியூரில் இருக்கும் சாக்சபோன் கலைஞர் தம் பகுதியைத் தம் வீட்டில் வாசித்துத் திருப்பி அனுப்புகிறார். இருவரும் ஒரே அறையில் மூச்சுவிடவில்லை. அது உண்மையிலேயே இணைந்ததா, மேலே பூசியதா என்பது கேட்டுத் தீர்மானிக்க வேண்டியது. இணையாவிட்டாலும் வகையின் பெயர் ஜாஸ் இணைவுதான்.

அந்தச் சாக்சபோன் கலைஞரை ‘விருந்தினர்’ என்பதில் எனக்குக் குறை இல்லை. ஆங்கிலத்திலிருந்து நேராகக் கொண்டுவந்த சொல்தான் என்றாலும் தற்செயலாக நன்றாக விழுந்துவிட்டது. ‘விருந்தே தானும் புதுவது புனைந்த யாப்பின் மேற்றே’ என்கிறது தொல்காப்பியம். விருந்துக்குப் புதுமை என்பதே பழம்பொருள். ஒரு பாட்டுக்கு மட்டும் வந்து புதுக்குரல் ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பது?

‘விசைப்பலகையாளர்’ என்பதை மட்டும் மன்னிக்க மாட்டேன். அந்தச் சொல்லைப் படித்ததும் தட்டச்சு செய்பவர்தான் கண்முன் வருகிறார். இசைக்காரர்கள் ஆர்மோனியத்தின் விசையை ‘கட்டை’ என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். பாடகரின் சுருதியையே கட்டைக் கணக்கில்தான் சொல்கிறோம். ஒரு கட்டை என்றால் சி, ஐந்து கட்டை என்றால் ஜி, இடையில் வரும் கறுப்புக் கட்டைகளுக்கு அரைக் கணக்கு. இப்படி உயிரோடு ஒரு சொல் இருக்கும்போது, கணினி மேசையிலிருந்து விசைப்பலகையைத் தூக்கிவந்து மேடையில் வைத்தவர் யார்? ‘கட்டைக் கலைஞர்’ என்று எழுதச் சொல்லவில்லை, அது வேறு மாதிரி ஒலிக்கும். ‘கீபோர்டு கலைஞர்’ போதும். விசைகளைப் பற்றிப் பேசும்போதாவது கட்டை என்று எழுதலாம்.

‘சுயாதீன’ என்ற சமஸ்கிருதத்தைத் தவிர்க்க ‘தனியிசை’ என்று எழுதுகிறார்கள். பக்கத்திலேயே விருந்தினர் பட்டியல் நீளமாக இருக்கும். அத்தனை பேர் வாசித்தது எப்படித் தனியிசை ஆகும்? நிறுவனத்தின் கையில் கொடுக்காமல் தாமே வெளியிட்டார் என்பதுதான் செய்தி. ‘சொந்த வெளியீடு’ என்று எழுதினால் சிறு பிள்ளைக்கும் புரியும்.

ஆல்பத்துக்கு வழங்கும் ‘தொகுப்பு’ என்ற சொல்லையும் யாராவது கவனித்தால் நல்லது. ஏற்கெனவே வெளிவந்தவற்றைத் திரட்டினால்தான் தொகுப்பு. ஒரே மூச்சில் திட்டமிட்டுப் புதிதாகச் செய்த எட்டுப் பாடல்களையும் தொகுப்பு என்று சொல்லிவிட்டால், பழைய பாடல்களைத் திரட்டி விற்பதற்கு என்ன பெயர் மிச்சம்? இசைத்தட்டு என்ற பழைய சொல் தட்டே இல்லாத காலத்தில் நிற்காது என்பார்கள். செய்தித்தாளை ‘நாளேடு’ என்று அழைத்து, இல்லாத ஏட்டை இன்னும் புரட்டிக்கொண்டுதானே இருக்கிறோம். நான் இசைத்தட்டு என்றே எழுதப் போகிறேன்.