11 சதவீதம் ஓர் இரவில் பூஜ்யமாவது எப்படி?

2025 ஆகஸ்ட் 18 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. மறுநாள் முதல் இறக்குமதிப் பஞ்சுக்கு அதுவரை இருந்த 11 சதவீதச் சுங்க வரி கிடையாது என்பதுதான் அதன் சாரம். அதற்காக நாடாளுமன்றத்தில் விவாதமோ சட்டத் திருத்தமோ நடக்கவில்லை. இந்தியச் சரக்குக்குப் போட்ட கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்த அமெரிக்கா குறித்திருந்த நாள் ஆகஸ்ட் 27. திருப்பூர் பனியன் கம்பெனிகளும் கோவை, பல்லடம், உடுமலை வட்டார நூல் மில்களும் அந்தத் தேதியைப் பார்த்துக் கலங்கியிருந்த நேரம் அது. அரசு எவ்வளவு வேகமாகத் திரும்ப முடியும், எந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறது என்பதை இந்த ஓர் அறிவிக்கையைப் பிரித்துப் பார்த்தாலே புரியும்.

முதலில் அந்த 11 சதவீதம் எங்கிருந்து வந்தது? 2021 பட்ஜெட்டில் பஞ்சுக்கு அடிப்படைச் சுங்க வரி 5, வேளாண் கட்டமைப்பு மேல்வரி 5 என்று போட்டார்கள். இவ்விரண்டின் கூட்டுத்தொகையில் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் கட்டணம். அதாவது 5+5+1. முதல் இரண்டுக்கும் விலக்கு கொடுத்துவிட்டால் மூன்றாவது தானாகவே விழுந்துவிடும். பூஜ்யத்தில் பத்து சதவீதம் பூஜ்யம்தானே. ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கும் கட்டும் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.) மட்டும் நிற்கும். அதை மில்காரர் பின்னால் தான் கட்டவேண்டிய ஜி.எஸ்.டி.யில் வரவு எடுத்துக்கொள்ளலாம்.

சட்டத்தின் துணையில்லாமல் வரி போடக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265ஆம் பிரிவு. ஆனால் போட்ட சுங்க வரியை விட்டுக்கொடுக்க, 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவு மத்திய அரசுக்கே அதிகாரம் தந்திருக்கிறது. பொதுநலனுக்குத் தேவை என்று அரசு கருதினால் போதும், அரசிதழில் அறிவிக்கலாம். பூட்டும் சாவியும் ஒரே கையில் இருப்பதால்தான் இத்தனை வேகம். 2022லும் இதே சாவிதான் திருப்பப்பட்டது: ஏப்ரல் 14 முதல் செப்டம்பர் 30 வரை விலக்கு, பிறகு அக்டோபர் 31 வரை நீட்டிப்பு. அப்படியும் அந்த ஆண்டு மே மாதம் ஒரு கண்டி (சுமார் 356 கிலோ) பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது.

கோளாறு தேதியில் இருக்கிறது. எந்த நாளின் வரி விகிதம் பொருந்தும் என்பதை அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு முடிவு செய்கிறது. பஞ்சுக்கு ஆர்டர் கொடுத்த நாளையோ பணம் கட்டிய நாளையோ அது பார்ப்பதில்லை. துறைமுகத்தில் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்கின் விவரப் படிவம்) தாக்கலான நாள்தான் கணக்கு. கப்பல் வருமுன்பே தாக்கல் செய்திருந்தால், கப்பலுக்கு உள்நுழைவு கிடைத்த நாள். 2025இல் முதலில் கொடுத்த விலக்கு ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை, மொத்தம் 43 நாள். பிரேசிலிலோ அமெரிக்காவிலோ ஏற்றிய பஞ்சு தூத்துக்குடி வந்து சேரவே ஒன்றரை மாதம் எளிதாக ஓடிவிடும். ஆக, அறிவிக்கையைப் பார்த்து ஆர்டர் போட்டவருக்குப் பலன் சந்தேகம். ஏற்கெனவே கடலில் இருந்த சரக்குக்கும், வரி கட்டாமல் சுங்கப் பிணைக் கிடங்கில் வைத்திருந்த பஞ்சுக்கும்தான் உடனடி லாபம். ஆகஸ்ட் 28 அன்று காலக்கெடு டிசம்பர் 31 வரை நீட்டப்பட்ட பிறகுதான் புது ஆர்டருக்கு அர்த்தம் வந்தது.

சரி, ஒரு பனியனுக்கு இது எவ்வளவு? கணக்குக்காக இறக்குமதிப் பஞ்சு கிலோ 170 ரூபாய் என்று வைப்போம். 11 சதவீதம் 18.70 ரூபாய். ஒரு கிலோ கோம்டு ஹொசைரி நூலுக்கு (சீவிச் சுத்தமாக்கிய பனியன் நூல்) கழிவு போக ஏறக்குறைய 1.3 கிலோ பஞ்சு வேண்டும். ஆக நூலில் 24 ரூபாய். நிட்டிங், டையிங், கட்டிங் சேதாரம் எல்லாம் போக ஒரு கிலோ நூலில் ஐந்து டி-சர்ட் வந்தால், சட்டைக்கு ஏறக்குறைய 5 ரூபாய். அதே சட்டையின் ஏற்றுமதி விலை 250 ரூபாய் என்றால், அமெரிக்காவின் அன்றைய 50 சதவீதக் கூடுதல் வரி 125 ரூபாய். வலது கையில் 5 கொடுத்து இடது கையில் 125 போவதை இந்த விலக்கால் ஈடுகட்ட முடியாது. அது அரசுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் 125க்கான சாவி வாஷிங்டனில் இருந்தது. டெல்லியின் கையில் இருந்தது இந்த 5தான்.

ஏற்றுமதிக்கென்று முன் அனுமதி வாங்கிப் பஞ்சு இறக்கும் பெரிய மில்லுக்கு முன்பே வரி கிடையாது. விலக்கின் உண்மையான பலன் வேறு வழியில் வருகிறது. உள்நாட்டு வியாபாரி தன் பஞ்சு விலையை, இறக்குமதிப் பஞ்சு வரியோடு வந்து சேரும் விலைக்குச் சற்றுக் கீழே நிறுத்துகிறார். வரி போனால் அந்த உச்சவரம்பு இறங்குகிறது. பஞ்சை இறக்குமதியே செய்யாமல், பக்கத்து மில்லில் நூல் வாங்கும் சின்ன பனியன் கம்பெனிக்கும் விலை குறைவது இப்படித்தான்.

அந்த உச்சவரம்பு இறங்கும்போது இடிபடுபவர் விவசாயி. திருப்பூர் மாவட்டம் மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டை கொண்டுவருபவரின் ஏல விலையும் அதோடு சேர்ந்து இறங்கும். இதற்கு அரசு வைத்திருக்கும் முட்டுதான் குறைந்தபட்ச ஆதரவு விலை. 2025-26 பருவத்துக்கு, விதையோடு கூடிய பருத்தி குவிண்டாலுக்கு நடுத்தர இழை 7,710 ரூபாய், நீள இழை 8,110 ரூபாய். ஆனால் இந்தியப் பருத்திக் கழகம் முழு விலை தருவது ஈரப்பதம் 8 சதவீதத்துக்குள் இருந்தால்தான். அதற்கு மேல் பிடித்தம். 12ஐத் தாண்டினால் வாங்குவதே இல்லை. மழையில் நனைந்த பருத்திக்கு ஆதரவு விலை காகிதத்தோடு சரி. எனவே வரி விலக்கு கொடுக்கும் ஆண்டில் கொள்முதல் மையங்களைக் கூட்டாமல் விடுவது, மில்லின் சுமையை இறக்கிக் காட்டுக்காரர் தலையில் வைப்பதுதான்.

சாவி பல கைகளில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈரோடு, பள்ளிபாளையத்தில் ரயான் என்ற செயற்கை இழைத் துணி நெய்யும் தறிகள் சாட்சி. செயற்கை இழைக்கு ஜி.எஸ்.டி. 18, நூலுக்கு 12, துணிக்கு 5 என்று தலைகீழாக இருந்தது. நூல் வாங்கும்போது கட்டிய 12ஐ, துணி விற்று வாங்கும் 5இல் முழுதாகக் கழிக்க முடியாது. மீதிப் பணம் ரீஃபண்டில் மாட்டிக்கொண்டு நிற்கும். இதைச் சீராக்கத் துணிக்கும் 12 ஆக்குவதாக 2021 நவம்பரில் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், அமலுக்கு வர ஒரு நாள் இருக்கும்போது, டிசம்பர் 31 அன்று ஜி.எஸ்.டி. கவுன்சில் தள்ளிவைத்தது. கவுன்சிலில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். யாரும் தனியாக நகர முடியாது. கடைசியில் 2025 செப்டம்பர் 22 முதல், இழையையும் நூலையும் 5க்கு இறக்கி மூன்றையும் ஒரே மட்டத்தில் நிறுத்தினார்கள். பஞ்சு வரிக்கு ஓர் இரவு போதும் என்றால், இதற்கு ஏறக்குறைய நான்கு ஆண்டு.

ஒப்பந்தங்கள் இன்னும் மெதுவானவை, ஏனென்றால் மறுபக்கத்தில் இன்னொரு அரசு உட்கார்ந்திருக்கிறது. பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தத்துக்கான பேச்சு 2022 ஜனவரியில் தொடங்கி, 2025 ஜூலை 24 அன்றுதான் கையெழுத்தானது. கையெழுத்து ஆனதாலேயே வரி போய்விடுவதில்லை. இரு நாடுகளின் ஒப்புதலும் முடிந்து, ஒப்பந்தம் அமலுக்கு வந்தால்தான் போகும். அதன் பிறகும், சரக்கு இந்தியாவில்தான் தயாரானது என்பதற்கான சான்று கையில் இல்லாத பெட்டிக்குப் பழைய வரிதான்.