எல்லையில் ஒரு பிள்ளையை ஒரே தடவை எண்ணுவது எப்படி?

தோப்பு வேலைக்காகக் கேரளாவின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்த குடும்பம் ஆறு மாதத்தில் பொள்ளாச்சிக்கே திரும்பிப் போகிறது. பிள்ளைக்குப் பள்ளி மாறுகிறது, கூடவே மாநிலமும் மாறுகிறது. இந்தப் பிள்ளை அந்த ஆண்டு கேரளக் கணக்கில் வரவேண்டுமா, தமிழ்நாட்டுக் கணக்கிலா? இரண்டிலும் வந்துவிடாமல், இரண்டிலும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் பள்ளிக் கணக்கெடுப்பில் கஷ்டமான வேலை.

நாடு முழுக்க 14.7 லட்சம் பள்ளிகளை ஆண்டுதோறும் எண்ணுகிற ஏற்பாட்டுக்கு யுடைஸ் பிளஸ் என்று பெயர். 1994-95இல் டைஸ் என்ற பெயரில் தொடக்கக் கல்விக்கு மட்டும் ஆரம்பித்தது. 2012-13இல் மேல்நிலை வரை சேர்ந்து யுடைஸ் ஆனது, 2018-19 முதல் எல்லாம் இணையப் பதிவு. மாதிரிக்குச் சில பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும் ஆய்வு இல்லை இது. ஒவ்வொரு பள்ளியும் பதிய வேண்டும்.

பள்ளிக்குப் பதினொரு இலக்க எண் உண்டு. முதல் இரண்டு மாநிலம் (தமிழ்நாடு 33, கேரளா 32, ஆந்திரா 28), அடுத்த இரண்டு மாவட்டம், அடுத்த இரண்டு வட்டாரம், பிறகு மூன்று கிராமம் அல்லது வார்டு, கடைசி இரண்டு பள்ளி. பாலக்காட்டிலும் ஒரு சித்தூர், ஆந்திராவிலும் ஒரு சித்தூர். ஊர்ப் பெயரை நம்பினால் குழம்பும் இடத்தில் இந்த எண் குழம்பாது.

2021-22 வரை பள்ளிகள் தந்தது வெறும் எண்ணிக்கைதான்: ஐந்தாம் வகுப்பில் ஆண் இத்தனை, பெண் இத்தனை, எந்தச் சமூகப் பிரிவு, என்ன வயது. இரண்டு பள்ளிகள் ஒரே பிள்ளையை எழுதியிருந்தால் கண்டுபிடிக்க வழியே கிடையாது. எல்லைப் பகுதியில் யாரும் பொய் எழுதாமலே இது நடக்கும். கேரளாவில் ஆசிரியர் பணியிடத்தை முடிவு செய்வது பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளின் தலைக்கணக்கு. தமிழ்நாட்டிலோ ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரம். ஜூனில் அங்கே உட்கார்ந்த பிள்ளை ஜூலையில் இங்கே வந்தால், இரண்டு பதிவேட்டிலும் நியாயமாகவே இருக்கும். இதனால்தான் தேசியக் கணக்குக்கென்று தனியாக ஒரு தேதி தேவைப்பட்டது. நெடுங்காலம் அது செப்டம்பர் 30. அன்று எந்தப் பள்ளியில் இருக்கிறதோ அங்கேதான் கணக்கு.

2022-23இல் முறையே மாறியது. எண்ணிக்கைக்குப் பதில் பிள்ளைவாரியாகப் பதிவு, ஒவ்வொருவருக்கும் நிரந்தரக் கல்வி எண். ஆசிரியர்கள் ‘பென்’ என்பது இதைத்தான். அதற்கு முந்தைய ஆண்டு 26.52 கோடியாக இருந்த மாணவர் எண்ணிக்கை அந்த ஆண்டு 25.18 கோடி, 2023-24இல் 24.80 கோடி. குறைந்த அத்தனையும் இரட்டைப் பதிவு என்று சொல்வது தவறு. பிறப்பும் குறைந்து வருகிறது. இரண்டையும் மொத்த எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. முறை மாறிய ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு ‘ஒரு கோடிப் பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள்’ என்று எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

புதுமுறையில் ஆண்டின் முதல் வேலை, சென்ற ஆண்டுப் பட்டியலை நகர்த்துவது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தேர்ச்சியா, அதே வகுப்பா, டி.சி. வாங்கிப் போனதா என்று குறிக்க வேண்டும். போன பிள்ளை ‘டிராப் பாக்ஸ்’ என்ற பொதுப் பட்டியலுக்குப் போகும். சேரும் பள்ளி பென் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டு அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். மாநிலம் மாறினாலும் வழி இதேதான். சேர்ந்தவுடன் வகுப்பு, பயிற்றுமொழி, சேர்க்கை எண், தேதி ஆகியவற்றைப் புதிதாக நிரப்ப வேண்டும்.

சிக்கல் வருவது இந்த இரண்டு படிகளுக்கு நடுவில். பழைய பள்ளி விடுவிக்காவிட்டால் புதிய பள்ளி எடுக்க முடியாது. விடுவிக்கச் சொல்லி இணையத்தில் கோரிக்கை அனுப்பிக் காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் அங்கே புதுப் பதிவு போட்டால் ஒரு பிள்ளைக்கு இரண்டு எண். விடுவித்தும் யாரும் எடுக்காமல் கிடந்தால், பக்கத்து மாநிலத்தில் ஒழுங்காகப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை இடைநின்ற பிள்ளையாகக் கணக்கேறும். எல்லை வட்டாரத்தில் இடைநிற்றல் கூடுதலாகத் தெரிந்தால் முதலில் டிராப் பாக்ஸைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது பெயர். பள்ளிப் பதிவேட்டில் ‘மு. கவின்’, ஆதாரில் ‘கவின் முருகன்’, கேரளப் பிறப்புச் சான்றில் வீட்டுப் பெயரும் சேர்ந்திருக்கலாம். ஆதார் சரிபார்ப்பு பெயர், பாலினம், பிறந்த தேதி மூன்றையும் ஒப்பிடும். ஓர் எழுத்து இடறினாலும் தேறாமல் நிற்கலாம். ஆகவே படிவத்தில் பள்ளிப் பதிவின்படி பெயர், ஆதாரின்படி பெயர் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டிலும் ஒன்றையே நகலெடுப்பதுதான் வழக்கமான தவறு.

மொழிக் கட்டங்களில் கூடுதல் கவனம் வேண்டும். தாய்மொழி ஒரு கட்டம், பயிற்றுமொழி இன்னொரு கட்டம். ஒரே கட்டடத்தில் மலையாளம், தமிழ், ஆங்கிலப் பிரிவுகள் நடக்கும் பள்ளியில், பள்ளியின் முதல் பயிற்றுமொழியையே எல்லாப் பெயருக்கும் வரிசையாகப் போட்டுவிட்டால் தமிழ்ப் பிரிவு தாளில் காணாமல் போகும். தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளிலும் ஆந்திராவின் நகரி, சத்தியவேடு பக்கமும் தமிழ்வழி வகுப்புக்கு ஆசிரியர் கேட்கும்போது கையில் இருக்க வேண்டிய ஆதாரம் இந்தக் கட்டம்தான். சோம்பலாக நிரப்பப்பட்ட ஒரு பத்தி ஒரு பணியிடத்தையே இழக்க வைக்கக்கூடும்.

படிவத்தில் பள்ளிக் கட்டடம் பற்றிய பகுதி ஒப்பீட்டில் எளிது. ஆனால் கழிப்பறை எத்தனை என்பதும் அதில் பயன்பாட்டில் எத்தனை என்பதும் தனித்தனிக் கேள்விகள். தண்ணீர் வராத, பூட்டிக் கிடக்கும் கழிப்பறை முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில்.

விகிதங்களை வாசிக்கையில் இன்னொரு எச்சரிக்கை. மொத்தச் சேர்க்கை விகிதம் என்பது சேர்ந்த பிள்ளைகளை அந்த வயது மக்கள்தொகையால் வகுப்பது. இந்தப் பின்னத்தில் மேலே உள்ள எண்ணில் எல்லை தாண்டி வந்து படிப்பவர்களும் உண்டு. கீழே உள்ளதோ அந்த ஊர் மக்கள்தொகை, அதுவும் 2011 கணக்கெடுப்பிலிருந்து கணித்தது. எல்லையோரத்தில் இது நூறு சதவீதத்தைத் தாண்டினால் வியப்பில்லை. மாவட்டப் பிரிப்பும் இப்படியே தொல்லை தரும். 2022 ஏப்ரலில் சத்தியவேடு திருப்பதி மாவட்டத்துக்குப் போனது, நகரி சித்தூரிலேயே நின்றது. பழைய சித்தூர் மாவட்டத்தைப் புதியதோடு நேராக ஒப்பிட்டால் பள்ளிகள் திடீரென்று குறைந்ததுபோலத் தெரியும். பள்ளி எண்வாரியாகப் பிரித்து மறுபடி கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

தலைமையாசிரியர் உறுதி செய்ததும் குறுவள மையம் (பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றுக்குப் பொதுவானது), வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று பதிவு மேலேறும். டி.சி. கொடுக்கும் அன்றே அதில் பென் எண்ணையும் பள்ளியின் பதினொரு இலக்க எண்ணையும் எழுதிக் கொடுத்து, அன்றே கணினியிலும் விடுவித்துவிட்டால், மேலே சொன்ன தவறுகளில் பாதி கீழ்ப்படியிலேயே நின்றுவிடும்.