அழித்த பின்னும் காலியாகாத கிடங்கு

மதுரை இலந்தைக்குளத்தில் இருந்தபடி வெளிநாட்டு வங்கி ஒன்றின் மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினியைப் பராமரித்துவந்த நாட்களில், ஒரு சனிக்கிழமை இரவு, அதன் தரவைச் சேமிக்கும் தனிக்கருவியான சேமிப்பு அடுக்கில், எல்லாரும் பகிரும் இடமான பொதுத் தொகுப்பு தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டி நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை வந்தது. பயனற்ற சோதனைக் கோப்புகளை விடிய விடியத் தேடி அழித்தோம். வால்யூம்களில், அதாவது கணினிக்குத் தனித்தனி வட்டுகளாகத் தெரியும் பகுதிகளில், தாராளமாக இடம் இருப்பதாக இயங்குதளம் காட்டியது. அடுக்கின் திரையிலோ அந்த எண் அசையவே இல்லை.

இரண்டு திரைகளும் உண்மையைத்தான் சொல்லின. ஒவ்வொரு மெயின்ஃபிரேம் வால்யூமிலும் விடிஓசி என்ற பொருளடக்கப் பகுதி உண்டு. எந்தக் கோப்பு எந்த டிராக்குகளில் (வட்டின் சிறு தடங்களில்) இருக்கிறது என்பது அதில் பதிவாகியிருக்கும். கோப்பை அழிக்கும்போது வழக்கமாக அந்தப் பதிவு மட்டுமே நீக்கப்படுகிறது. கீழமாசி வீதி மண்டியில் கணக்கப்பிள்ளை பேரேட்டில் ஒரு வரியை அடித்துவிட்டால், கிடங்கிலிருக்கும் மிளகாய் மூட்டை தானாக வெளியேறிவிடுவதில்லை அல்லவா? அதுபோலவே டிராக்கில் எழுதிய பைட்டுகளும் அப்படியே கிடக்கின்றன.

முன்பு இது பொருட்டாகவே இருந்ததில்லை. வால்யூமுக்கு உரிய இடம் முழுவதும் தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டிருந்ததால், பழைய பைட்டுகளின் மேல் புதியவை எழுதப்படும், அவ்வளவுதான். இன்றைய அடுக்குகளில் மெல்லிய ஒதுக்கீடு என்ற முறை வந்துவிட்டது. வால்யூமின் அளவு பெயரளவில் பெரிதாகக் காட்டப்படும். உண்மையான இடமோ, எழுத எழுதத்தான் பொதுத் தொகுப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படும். பத்து வியாபாரிகளும் ஒரே நாளில் சரக்கை இறக்கமாட்டார்கள் என்று நம்பி, இருப்பதைவிட அதிக இடத்துக்கு வாக்குக் கொடுக்கும் கிடங்குக்காரரின் கணக்கு இது. ஒருவர் சரக்கு தேவையில்லை என்று தம் பேரேட்டில் எழுதினால் போதாது, கிடங்குக்காரரிடமும் சொல்லியாக வேண்டும். சொல்லாமலே இருந்து தொகுப்பு முழுதும் தீர்ந்துவிட்டால், புதிய இடம் கேட்டுத் தரவை எழுதும் முயற்சிகள் தோல்வியடையும்; இரவில் மொத்தமாக ஓடும் தொகுதிப் பணிகள் பாதியில் நிற்கும்.

இதைச் சொல்வதற்கென்றே கட்டளைகள் உண்டு. ஐபிஎம் அடுக்குகளுக்கு டிஎஃப்எஸ்எம்எஸ்டிஎஸ்எஸ் நிரலின் ஸ்பேஸ்ரெல் கட்டளை அந்த வேலையைச் செய்கிறது. பொருளடக்கத்தைப் பார்த்து, எவை காலி என்று அடுக்குக்கு அது தெரிவிக்கிறது. ஆனால் அடுக்கு டிராக் டிராக்காக இடத்தைத் திரும்பப் பெறுவதில்லை, எக்ஸ்டென்ட் என்ற பெருந்துண்டாகவே பெறும். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. 3390 வகை வால்யூமில் ஒரு டிராக் 56,664 பைட். 15 டிராக்குகள் சேர்ந்தது ஒரு சிலிண்டர். ஐபிஎம்மின் டிஎஸ்8000 வரிசை அடுக்குகளில் சிறிய எக்ஸ்டென்ட் 21 சிலிண்டர், அதாவது ஏறத்தாழ 1 கோடியே 78 லட்சம் பைட். பெரியது 1,113 சிலிண்டர். பெரிய எக்ஸ்டென்டில் உள்ள 16,695 டிராக்குகளில் ஒன்றே ஒன்றில் யாரோ ஒருவரின் சிறு கோப்பு ஒட்டிக்கொண்டிருந்தாலும், மொத்தத் துண்டும் தொகுப்புக்குத் திரும்பாது.

ஆகவே, அழித்தவுடன் கட்டளையைக் கொடுப்பதைவிட, சிதறிக் கிடக்கும் கோப்புகளை முதலில் ஒரு பக்கமாக நகர்த்தி, தொடர்ச்சியான காலியிடத்தை உண்டாக்கிய பிறகு கொடுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. தேவைக்கு மேல் இடம் கேட்டு உருவாக்கப்பட்ட கோப்புகளின் பயன்படாத வால்பகுதியை விடுவிப்பதும், நெடுநாள் தொடப்படாதவற்றை டேப்புக்கு அனுப்புவதும் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இத்தனை செய்தும் எண் இறங்காவிட்டால் ஸ்னாப்ஷாட்டுகளை, அதாவது ஒரு நேரத்து நிலையைப் பிடித்துவைக்கும் நகல்களைப் பார்க்க வேண்டும். தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டிகளை மட்டும் கொண்டு எடுக்கப்பட்ட நகல் ஒன்று பழைய டிராக்குகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை, மூலத்தில் அழித்தாலும் அந்த இடம் விடுபடாது. எங்கள் தொகுப்பிலும் அதுதான் நடந்திருந்தது: வெள்ளிக்கிழமை எடுத்த நகல் ஒன்று, வேலை முடிந்தும் கலைக்கப்படாமல் இருந்தது. அது வேண்டாம் என்று வங்கித் தரப்பிடம் எழுத்துப்பூர்வமாக உறுதி பெற்ற பிறகே கலைத்தோம். ஏனெனில் விடுவித்த எக்ஸ்டென்டை மீண்டும் படித்தால் வெற்று டிராக்குதான் கிடைக்கும், பழைய தரவு கிடைக்காது. அதன் பிறகு கட்டளையை மறுபடி கொடுத்தோம். அடுக்கு பின்னணியில் துண்டு துண்டாக இடத்தை விடுவிக்க, ஞாயிறு மதியம்தான் அந்த எண் தொண்ணூறுக்குக் கீழே இறங்கியது.