பழகிய பட்டன் ஏன் இடம் மாறுகிறது?

பில்லிங் மென்பொருளுக்குத் திரை வடிவமைப்பதுதான் என் வேலை. புதிய பதிப்பு போன மறுநாள் வரும் முதல் போனில் பெரும்பாலும் இதுதான் கேள்வி: "நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் சார் மாத்துனீங்க?"

மைக்ரோசாஃப்ட் வேர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பில் சுமார் 100 கட்டளைகள், 2003 பதிப்பிலோ 1,500க்கும் மேல். புது வசதி வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு மெனுவுக்குள் திணித்துத் திணித்து, கடைசியில் பயனர்கள் புதிதாக வேண்டுமென்று கேட்டவற்றில் பல ஏற்கெனவே உள்ளேயே இருந்தன, யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் 2007ல் ரிப்பன் வந்தது, அதாவது மெனுக்களுக்குப் பதிலாகத் திரையின் மேலே பட்டன்களைப் பரப்பிக் காட்டும் பட்டை. பயன்பாட்டுத் தகவலைச் சேகரித்துப் பார்த்ததில் மக்கள் அதிகம் அழுத்தியது பேஸ்ட். ரிப்பனின் இடது ஓரத்தில் அது அவ்வளவு பெரிதாக இருப்பது அதனால்தான்.

எல்லா மாற்றமும் இப்படி யோசித்து வருவதில்லை. 2012ல் விண்டோஸ் 8 தொடுதிரையை மனதில் வைத்து ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டது, மவுஸ் வைத்திருந்தவர்கள் தவித்துப்போனார்கள், அடுத்த வருடமே 8.1ல் பட்டன் திரும்பி வந்தது. புதுசு என்றால் புதுசாகத் தெரிய வேண்டும் என்ற விற்பனைக் கணக்கும் சில நேரம் உண்டு.

நானும் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். சேவ் செய்யும் எஃப்8 விசையை ஒரு பதிப்பில் கேன்சலுக்குக் கொடுத்துவிட்டோம். ஒரு மளிகைக் கடையில் போய்ப் பார்த்தேன். கல்லாவில் இருந்த அக்கா திரையைப் பார்ப்பதே இல்லை. கண் சாமான் மேல், விரல் தானாக எஃப்8க்குப் போகிறது. நாற்பது ஐட்டம் அடித்த பில் காணாமல் போனது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, அவர் "நான்தான் தப்பா அழுத்திட்டேன் போல" என்றார். தப்பு அவருடையது இல்லை, எங்களுடையது.

திரையை மாற்றலாம், பழகிய விரலை மாற்றச் சொல்லக் கூடாது. எக்செலில் பழைய மெனு போய் இத்தனை வருடமாகியும் அந்த மெனுவின் விசைகளான ஆல்ட், இ, எஸ் என்று வரிசையாக அழுத்தினால், காப்பி செய்ததை எப்படி ஒட்டுவது என்று கேட்கும் பேஸ்ட் ஸ்பெஷல் இன்றும் திறக்கிறது.

சரி, உங்கள் கடைக்கு அப்டேட் வந்தால்? வியாபார நேரத்தில் போடாதீர்கள். தினமும் செய்யும் ஐந்தாறு வேலைகளை முதலில் செய்து பாருங்கள். அப்புறம் எங்களுக்குப் போன் செய்யும்போது, எந்த வேலைக்கு முன்பு எத்தனை கிளிக், இப்போது எத்தனை என்று சொல்லுங்கள். அதை வைத்து எங்களால் திருத்த முடியும்.