சான்றிதழில் எந்த வரியைப் படிக்க வேண்டும்?

ஒரு நிறுவனம் தன் ஊழியர்களின் சம்பளக் கணக்கை, இணையம் வழியே வேறொருவரின் கணினிகளில் ஓடும் கிளவுட் மென்பொருளுக்கு மாற்ற முடிவு செய்திருந்தது. விற்க வந்தவர்கள் காட்டிய விளக்கத்தின் கடைசிப் பக்கம் முழுக்கப் பாதுகாப்புத் தரநிலைகளின் முத்திரைகள்: ஐஎஸ்ஓ 27001, சாக் 2, பிசிஐ டிஎஸ்எஸ், இன்னும் சில. பாதுகாப்பை மதிப்பிட என்னை அழைத்திருந்தார்கள். நிதிப் பிரிவின் தலைவர் என் பக்கம் திரும்பி, "எல்லாச் சான்றிதழும் வைத்திருக்கிறார்களே, இனி நீங்கள் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டார். ஐஎஸ்ஓ சான்றிதழின் நகலை அனுப்பச் சொன்னேன்.

ஒரே ஒரு பக்கம். மேலே சான்றளித்த அமைப்பின் பெயர், கீழே கையெழுத்து, நடுவில் சிறிய எழுத்தில் 'வரம்பு' என்று ஒரு வரி. அந்த வரியில் இருந்தது "வாடிக்கையாளர் உதவி மையத்தின் செயல்பாடுகள்" என்பது மட்டுமே. மென்பொருளை எழுதும் குழு அதற்குள் வரவில்லை. அது ஓடும் சர்வர்கள் வரவில்லை. சம்பளத் தரவு போய்த் தங்கப்போகும் எந்த இடமும் வரவில்லை. சான்றிதழில் பொய் எதுவும் இல்லை. உதவி மையம் ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அது சாட்சி. நாங்கள் வாங்கப்போனதோ வேறொன்று.

வரம்பைப் படிக்காமலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர். இருக்கிறதா, இல்லையா என்ற ஒரே கேள்வியோடு சான்றிதழைப் பார்க்கத்தான் அவர்களுக்குப் பழக்கப்பட்டிருக்கிறது. எதற்கு, எந்த இடத்துக்கு, எந்தக் காலத்துக்கு என்ற கேள்விகளைக் கேட்க யாரும் சொல்லித் தரவில்லை.

ஐஎஸ்ஓ 27001 ஒரு மென்பொருளுக்குத் தரப்படும் சான்று அன்று. தகவல் பாதுகாப்பை ஒரு நிறுவனம் எப்படி நிர்வகிக்கிறது என்பதற்கான சான்று. 2022 பதிப்பின் இணைப்பில் 93 கட்டுப்பாடுகள், அதாவது பாதுகாப்பு நடவடிக்கைகள், இருக்கின்றன; 2013 பதிப்பில் 114 இருந்தன. எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் பழையவற்றை ஒன்றாகச் சேர்த்ததுதான். கிளவுட் சேவைகளைப் பயன்படுத்துவதற்கென்று ஒரு தனிக் கட்டுப்பாடு 2022இல்தான் புதிதாக நுழைந்தது. இந்த 93இல் எவை தமக்குப் பொருந்தும், எவற்றை விலக்கினோம், ஏன் விலக்கினோம் என்று நிறுவனம் ஓர் ஆவணத்தில் எழுதிவைக்க வேண்டும். சான்றிதழைக் கேட்பவர்கள் பலர். இந்த ஆவணத்தைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. நிறுவனத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சான்றிதழைவிட இதுதான் அதிகம் சொல்லும் என்பது என் அனுபவம்.

சான்றிதழை வழங்கியவர் யார் என்பதையும் பாருங்கள். ஐஎஸ்ஓ அமைப்பு தரநிலைகளை எழுதுகிறது; யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. கொடுப்பவை தனிச் சான்றளிப்பு அமைப்புகள். அவற்றுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்புகள் தனியே உண்டு. அங்கீகாரமே இல்லாத அமைப்பு கொடுத்த தாளும் பார்வைக்கு அதே அழகோடுதான் இருக்கும். செல்லுபடியாகும் காலம் மூன்று ஆண்டுகள். இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை நடக்க வேண்டும். ஐஎஸ்ஓ 27017, 27018 ஆகியவை இந்த அடித்தளத்தின்மேல் எழுந்தவை. முன்னது கிளவுட் சேவைக்கான கூடுதல் நெறிகள், பின்னது பொது கிளவுடில் தனிநபர் தகவலைக் காப்பதற்கானவை.

வரம்புக் குறையைச் சுட்டிக்காட்டியதும் அந்த மென்பொருள் நிறுவனத்தார் மழுப்பவில்லை. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாக் 2 அறிக்கையை அனுப்பினார்கள். நூறு பக்கங்களுக்கு மேல். நிதிப் பிரிவின் தலைவருக்கு அதைப் பார்த்ததும் மலைப்பு. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தோம்.

'சாக் 2 சான்றிதழ்' என்ற பேச்சே பிழை. அமெரிக்கக் கணக்காளர்களின் தொழில் அமைப்பு வகுத்த முறைப்படி, சுயேச்சையான தணிக்கையாளர் ஒருவர் எழுதித் தரும் கருத்தறிக்கை அது. பாதுகாப்பு, சேவை கிடைக்கும் நிலை, செயலாக்கத்தின் சரித்தன்மை, ரகசியம், தனியுரிமை என ஐந்து அளவுகோல்கள் உண்டு. பாதுகாப்பு மட்டுமே கட்டாயம். மற்றவை நிறுவனத்தின் விருப்பம். சம்பளத் தரவைக் கையாளும் நிறுவனத்தின் அறிக்கையில் ரகசியம் விடுபட்டிருந்தால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். இவர்களுடையதில் அது இருந்தது.

அடுத்து, வகை. முதல் வகை அறிக்கை, குறிப்பிட்ட ஒரு நாளில் கட்டுப்பாடுகள் சரியாக வடிவமைக்கப்பட்டிருந்தனவா என்பதை மட்டும் சொல்லும். இரண்டாம் வகை, பல மாதங்கள் நீளும் ஒரு காலப்பகுதியில் அவை உண்மையிலேயே வேலை செய்தனவா என்று சோதித்துச் சொல்லும். பூட்டு வாங்கி மாட்டியிருக்கிறார்கள் என்பது ஒன்று. ஆறு மாதமும் இரவுதோறும் பூட்டினார்கள் என்பது இன்னொன்று. எங்கள் கையில் இருந்தது இரண்டாம் வகை.

சோதனை முடிவுகளின் அட்டவணையில், வரிசையாக "விலகல் இல்லை", அதாவது கட்டுப்பாடு மீறப்படவில்லை என்று வந்துகொண்டிருந்த பக்கங்களுக்கு நடுவே ஓரிடத்தில் வாசகம் மாறியது. வேலையை விட்டு விலகிய 25 பேரை மாதிரியாக எடுத்து, அவர்களின் கணக்குகள் கெடுவுக்குள் மூடப்பட்டனவா என்று தணிக்கையாளர் பார்த்திருக்கிறார். 3 பேருடையவை தாமதமாகத்தான் மூடப்பட்டிருந்தன. நிதிப் பிரிவின் தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியானால் இவர்கள் வேண்டாமா?" என்றார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். விலகல் பதிவாகியிருப்பது தணிக்கை உண்மையாக நடந்ததற்கு ஓர் அடையாளம். நிர்வாகம் என்ன பதில் சொல்லியிருக்கிறது என்று தேடினோம். அந்த 3 கணக்குகளிலும் அவர்கள் வேலையை விட்டுப் போன தேதிக்குப் பிறகு யாரும் நுழையவில்லை என்பதைப் பதிவேடுகளில் சரிபார்த்ததையும், கணக்கு மூடுவதைத் தானியங்கி முறைக்கு மாற்றியதையும் எழுதியிருந்தார்கள். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

அதே அறிக்கையில், மென்பொருள் ஓடும் பெரிய கிளவுட் நிறுவனத்தின் தரவு மையக் கட்டுப்பாடுகள் இந்தத் தணிக்கையில் சேரவில்லை என்று ஒரு பத்தி இருந்தது. இது வழக்கமான முறைதான். ஆனால் அந்தப் பெரிய நிறுவனத்தின் அறிக்கையையும் தனியே வாங்கிப் படித்தால்தான் சங்கிலி முழுமையாகும். வாங்கினோம்.

கிளவுடில் பொறுப்பு எப்போதுமே பங்கு பிரிந்துதான் இருக்கிறது. கட்டடம், மின்சாரம், சர்வர், அதன் அடித்தள மென்பொருள் ஆகியவை கிளவுட் சேவை வழங்குநர் பக்கம். யாருக்கு எந்த அனுமதி, எந்தச் சேமிப்பகம் வெளியே திறந்திருக்கிறது, எந்தத் தரவு மற்றவர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்படுகிறது என்பவை வாடிக்கையாளர் பக்கம். 2019இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் தகவல் வெளியேறியது. தரவு இருந்தது அமேசானின் கிளவுடில். அங்கே தரநிலைச் சான்றுகளுக்குப் பஞ்சமே இல்லை. வழி திறந்தது, வங்கியின் பக்கம் தவறாக அமைக்கப்பட்டிருந்த ஒரு ஃபயர்வால், அதாவது வெளியிலிருந்து வரும் போக்குவரத்தை வடிகட்டும் தடுப்பு. அதற்குக் கொடுக்கப்பட்டிருந்த அனுமதிகளும் தேவைக்கு மேல் விரிந்திருந்தன. 2020இல் வங்கிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு 8 கோடி டாலர் அபராதம் விதித்தது, கட்டியது வங்கி.

கட்டண அட்டைத் தரவுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரநிலையிலும் இதே கதைதான். அதன் 12 தேவைகளில் எது வழங்குநர் வேலை, எது உங்கள் வேலை என்று பிரித்துக் காட்டும் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். வழங்குநர் தேறிவிட்டதால் நீங்களும் தேறிவிட்டதாகப் பொருள் இல்லை. அமெரிக்க மருத்துவத் தகவல் சட்டமான ஹிப்பாவுக்கு அந்நாட்டு அரசு அங்கீகரிக்கும் சான்றிதழ் என்று ஒன்றே கிடையாது. அந்தப் பெயரில் முத்திரை கண்டால் யார் கொடுத்தது என்று கேளுங்கள்.

சாக் 2 அறிக்கையில் நான் யாரையும் தாண்டிப் போக விடாத பகுதி ஒன்று உண்டு: வாடிக்கையாளர் செய்ய வேண்டிய கட்டுப்பாடுகளின் பட்டியல். எங்கள் கட்டுப்பாடுகள் பயன் தர வேண்டுமானால் நீங்கள் இவற்றைச் செய்திருக்க வேண்டும் என்று வழங்குநர் எழுத்தில் சொல்லும் இடம் அது. இந்த அறிக்கையில் 14 வரிகள். நிர்வாகக் கணக்குகளுக்கு இருபடிச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சோதனையும்), அனுமதிகளைக் காலாண்டுக்கு ஒருமுறை மறுபார்வையிடுதல் என்று போய்க்கொண்டிருந்த பட்டியலின் ஆறாவது வரி: "விலகிய ஊழியர்களின் கணக்குகளை வாடிக்கையாளரே உடனுக்குடன் நீக்க வேண்டும்."

நிதிப் பிரிவின் தலைவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். சோதனை ஓட்டத்துக்காக அவர்கள் அந்த மென்பொருளில் ஏற்கெனவே கணக்குகள் திறந்து, உண்மையான சம்பளப் பட்டியலையே ஏற்றியிருந்தார்கள். மடிக்கணினியைத் திறந்து பயனர் பட்டியலைப் பார்த்தார். முழு நிர்வாக அனுமதி ஆறு பேருக்கு. அவர்களில் இருவர் இரண்டு மாதங்களுக்கு முன்பே வேலையை விட்டுப் போயிருந்தார்கள். சற்று முன் வழங்குநரிடம் எந்தக் குறைக்காக அவர் பேனாவைக் கீழே வைத்தாரோ, அதே குறை. அவர் ஒன்றும் பேசாமல் இரண்டு கணக்குகளையும் மூடிவிட்டு, ஏழாவது வரிக்குப் போகலாம் என்றார்.