கோணல் கோப்பை அழகுதான், அதில் எதை ஊற்றலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து வார இறுதிச் சந்தைகளில் கையால் வனைந்த மண்பாண்டங்களுக்கு இப்போது நல்ல வரவேற்பு. விளிம்பு ஒரு பக்கம் தாழ்ந்த கோப்பை, இலை நரம்பு பதிந்த தட்டு, பாறையில் படிந்த பாசி நிறத்தில் ஒரு கிண்ணம் என்று ஜனங்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். அச்சில் வார்த்த ஒரே மாதிரிப் பாத்திரங்களைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு இவை ஆறுதல். இதே தொழிலில் இருக்கிற எனக்கும் இதில் நிறைவுதான். ஆனால் ஒரு கவலை கூடவே இருக்கிறது. குறைதான் அழகு என்று சொல்லிச் சொல்லி, சாப்பிடும் பாத்திரத்தில் இருக்கவே கூடாத குறைகளையும் சிலர் அழகுக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

முதலில் நல்ல கோணல் எப்படி வருகிறது என்று பார்ப்போம். சக்கரம் இல்லாமல் வனையும்போது மண்ணை விரல் பருமனுக்குத் திரியாக உருட்டி, அடித்தட்டின் மேல் வளையம் வளையமாக அடுக்குகிறோம். ஒவ்வொரு வளையத்தையும் கீழே இருப்பதோடு கட்டைவிரலால் இழுத்துத் தேய்த்து ஒட்ட வேண்டும். உள்பக்கம் ஒரு கை தாங்கும், வெளிப்பக்கம் மற்றக் கை அழுத்தும். அந்த அழுத்தம் இடத்துக்கு இடம் மாறும். அதனால்தான் வயிறு ஒரு பக்கம் சற்றே புடைக்கிறது, விரல் தடம் நிற்கிறது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. வளையங்கள் சரியாக ஒட்டியிருந்தால் அந்தப் பாத்திரம் எத்தனை கோணலாக இருந்தாலும் உறுதியானது. ஒட்டாத இடம் வெளியே வழவழவென்று இருந்தாலும் சூளையில் பிளந்து காட்டிக்கொடுத்துவிடும்.

உலர்த்துவதில்தான் பொறுமை வேண்டும். ஈர மண் உலர்ந்து சுட்டு முடிவதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். விளிம்பு முந்தி, அடி பிந்தி உலர்ந்தால் நடுவில் இழுபட்டு விரிசல் விழும். நம் ஊர்க் கடற்கரை ஈரக்காற்றில் பாத்திரம் மெதுவாகத்தான் உலரும், அது நல்லது. குளிர்காலத்தில் உள்நாட்டு மேட்டிலிருந்து பெர்க் காற்று என்கிற சூடான வறண்ட காற்று இறங்கும் நாளில் மட்டும் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்துவிடுவேன். இன்னொன்று: மண்ணுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் சூளையில் வெடிக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். வெடிக்க வைப்பது காற்றல்ல, ஈரம். உலராமல் தங்கிய தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டும்போது நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் சுவரைப் பிளக்கிறது. தடித்த இடம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இந்த ஆபத்து உண்டு.

கையால் வனைவதில் எவ்வளவு நேர்த்தி சாத்தியம் என்று பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டாம். நம் குவாஜூலு-நேட்டால் மாகாணத்தின் துகேலா பள்ளத்தாக்கில் வாழ்ந்த நெஸ்டா நாலா (1940–2005) சக்கரத்தைத் தொடாமல் வனைந்த உகாம்பா என்ற ஜூலு பீர்ப் பானைகள் உலகின் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. தாயிடம் கற்ற கலையைத் தன் மகள்களுக்கும் கொடுத்துவிட்டுப் போனார். திரியடுக்கி வனைந்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, திறந்த நெருப்பில் சுட்டு, மறுபடி புகைமூட்டத்தில் கருக்கி எடுப்பார்கள். தோளில் வரிசையாக எழும் சிறு குமிழ்களுக்கு அமசும்பா என்று பெயர். அந்தக் கருப்பு எங்கும் ஒரே சீராக இராது, நெருப்பு பட்டபடி இருக்கும்.

அந்தப் பானையில் கண்ணாடிப் பூச்சு கிடையாது. சுவரில் நுண்துளைகள் உண்டு. அதன் வழியே கசியும் ஈரம் ஆவியாகி உள்ளே இருக்கும் சோள பீரைக் குளிர்விக்கிறது. நம் வீட்டுத் தண்ணீர்ப் பானையும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆக, நுண்துளை என்பதே குற்றம் அல்ல. எதற்காகச் செய்தது, எப்படிப் புழங்குவது என்று தலைமுறைகளாகத் தெரிந்த பாத்திரம் அது. கழுவினால் நன்றாகக் காயவிடுவார்கள். சந்தையில் வாங்கும் பூச்சுப் பாத்திரத்தில் அந்த அறிவு கூடவே வருவதில்லை என்பதுதான் சிக்கல்.

ஆடி மாதக் கூழ் ஊற்றலுக்கு முன்பு டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து ஒரு தங்கை வந்தார். "அக்கா, ஆத்தா கூழுக்கு இந்த வருஷம் எவர்சில்வர் வேணாம்னு இதை வாங்கினேன். எங்க ஆயா மண்சட்டியிலதான் வைப்பாங்களாம். இது சரியா இருக்குமா?" அகலமான சட்டி, உள்ளும் புறமும் மங்கலான செம்புப்பச்சை, பார்க்க அத்தனை லட்சணம். விற்றவருக்கு அது என்ன பூச்சு, எத்தனை டிகிரியில் சுட்டது என்று தெரியவில்லையாம். ஒரு எலுமிச்சைத் துண்டை உள்பக்கம் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் காலை எடுத்தபோது துண்டு இருந்த இடத்தில் பச்சை வெளுத்து, வட்டமாக ஒரு தடம்.

கண்ணாடிப் பூச்சு என்பது மணல்சத்தான சிலிக்காவை, உருக உதவும் பொருள்களோடும் அலுமினாவோடும் சேர்த்து உருக்கிய மெல்லிய கண்ணாடிதான். சேர்மானம் சரியாக இருந்து, முழுச் சூடும் ஏறினால் நிறம் தருகிற உலோகங்கள் அதற்குள் பூட்டப்பட்டுவிடும். சிலிக்கா குறைந்தாலோ சூடு போதாமல் போனாலோ பூட்டு பிடிக்காது. புளித்த கூழ், புளிக்குழம்பு, தக்காளி, தயிர், ஊறுகாய் எல்லாமே அமிலம். அமிலம் பட்டதும் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாக உணவில் இறங்கும். பச்சை தருவது செம்பு; அது ஈயத்தைப் போல அத்தனை கொடியதல்ல. ஆனால் செம்பு வெளியே வருகிற பூச்சில் ஈயமோ, கேட்மியம் என்ற நச்சு உலோகமோ இருந்தால் அதுவும் வரும். ஈயம் குறைந்த சூட்டிலேயே உருகி அழகான மினுமினுப்பைத் தருவதால் உலகம் முழுக்கக் குயவர்கள் அதை நம்பியிருந்தார்கள். மெக்சிகோவில் பூச்சு மண்பாண்டங்களிலிருந்து ஈயம் உடம்பில் ஏறுவது இன்றும் பெரிய பிரச்சினை. பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்குகிறது.

எலுமிச்சைச் சோதனையில் நிறம் மாறினால் அந்தப் பாத்திரம் சாப்பாட்டுக்கு வேண்டாம். மாறவில்லை என்பதால் மட்டும் ஈயம் இல்லை என்று ஆகிவிடாது. அதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும். அந்தத் தங்கையிடம் சட்டியில் வெற்றிலையும் வேப்பிலையும் அடுக்கச் சொன்னேன், கூழை வேண்டாம் என்றேன்.

பூச்சில் சிலந்தி வலை போல நுண்கோடுகள் ஓடுவதையும் பலர் ரசித்து வாங்குகிறார்கள். ஆறும்போது பூச்சு, அடியிலுள்ள மண்ணைவிட அதிகம் சுருங்கினால் வருவது அது. சீனாவில் சோங் அரசமரபுக் காலத்திலேயே அதை வேண்டுமென்றே வரவழைத்துப் போற்றியிருக்கிறார்கள். பூச்சாடியில் இருக்கட்டும். குறைந்த சூட்டில் சுட்ட மண் என்றால் அந்தக் கோடுகள் வழியே குழம்பும் எண்ணெயும் உள்ளே இறங்கித் தங்கும். நீங்கள் என்ன தேய்த்தாலும் போகாது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்: பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி செய்தித்தாள் மேல் இரவு முழுக்க வையுங்கள். காலையில் தாள் ஈரமாக இருந்தால் அது உணவுப் பாத்திரம் அல்ல. மைக்ரோவேவிலும் வைக்காதீர்கள், உறிஞ்சிய தண்ணீர் சூடேறிப் பாத்திரம் வெடிக்கலாம்.

உடைந்ததைத் தங்கக் கோட்டால் ஒட்டும் ஜப்பானிய கின்சுகியும் இங்கே பரவியிருக்கிறது. மரபான முறையில் ஒட்டுவது உருஷி என்ற மரப்பால் அரக்கு. கடையில் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது எபாக்சி பசையும் தங்க நிறப் பொடியும். அப்படி ஒட்டிய கோப்பையை அலமாரியில் வைத்து ரசியுங்கள், சூடான டீ ஊற்ற வேண்டாம்.

வகுப்புக்கு வருகிறவர்கள் இயற்கையைப் பதிக்க ஆசைப்பட்டுக் கடற்கரைச் சிப்பிகளைக் கொண்டுவருவார்கள். இலையை மண்ணோடு விட்டாலும் எரிந்து சாம்பலாகிவிடும், தடம் நிற்கும். சிப்பி அப்படி அல்ல. அது சூளையில் சுட்ட சுண்ணாம்பாகிறது. வெளியே எடுத்த பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பி, சில நாளில் சுற்றியுள்ள மண்ணைப் பெயர்த்து எறியும். அழுத்திப் பதித்துவிட்டு சிப்பியை எடுத்துவிடுங்கள்.

வனைகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாட்டில் சிலிகோசிஸ், அதாவது சிலிக்கா தூசியை மூச்சிழுத்து வரும் நுரையீரல் நோய் என்றால் எல்லோருக்கும் தங்கச் சுரங்கம் நினைவுக்கு வரும். நுரையீரல் பாழான சுரங்கத் தொழிலாளர்களுக்கான இழப்பீட்டு உடன்பாட்டை 2019ல்தான் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் ஏற்றது. அதே சிலிக்கா நம் களிமண்ணிலும் பூச்சுப் பொடியிலும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் ஆழமாக உள்ளே போவது. மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997ல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்தது. சுரங்கத்தில் மூச்சிழுத்த அளவு நமக்கு வராது, ஆனால் தினமும் ஒரே அறையில் வருடக்கணக்காக வேலை செய்கிறோம்.

ஆகவே காய்ந்த பாத்திரத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். இறுகியும் இறுகாமலும் இருக்கும் பதத்தில் ஈர ஸ்பாஞ்சால் சீர்செய்யுங்கள். பொடி கலக்கும்போது முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் எஃப்எஃப்பி2 முகக்கவசம் வேண்டும். துணி மாஸ்க் போதாது. தரையைத் துடைப்பத்தால் பெருக்கவே வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். மண் ஒட்டிய ஏப்ரனோடு சமையலறைக்குள் போகாதீர்கள், அதைத் தனியாகத் துவையுங்கள். துணி அலசிய தண்ணீரை ஒரு வாளியில் தெளியவிட்டு மேல் தண்ணீரை மட்டும் கொட்டுங்கள். அடியில் தங்கும் மண்ணை ஈரம் காயுமுன் எடுத்து மூடி வையுங்கள்.